நாற்பத்தொன்றாம் தட்டு

கெர்ட்ரூடுக்கு இடது கை முழுதாக நீளாது. முழங்கையின் உள்மடிப்பில் தோல் சுருங்கித் திரண்டு, ஒரு கட்டத்துக்கு மேல் கையை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தது. மலேசியாவில், பீடோர் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில், பதினான்கு வயதில், புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டு தொங்கவிட உதவிக்கு ஏறியபோது கழி ஒடிந்து அடுப்புக் குழியோரம் விழுந்ததால் வந்த வினை. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஊதா மருந்து பூசினார். புண் ஆறிவிட்டது. ஆறிய தோல்தான் அதற்குப் பிறகு அவளை விடவில்லை. யாராவது கையைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டால், "ஒட்டுப் போட்டவன் துணியைக் கம்மியா வெட்டிட்டான்" என்பாள். கேட்டவர் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நிற்கும்போது அவள் பாட்டுக்குப் போய்விடுவாள்.

அப்பா சூசைநாதன் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கெர்ட்ரூட் பதினாறு வயதிலேயே ஸ்டோர் வேலைக்குப் போய்விட்டாள். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் சாமான் அடுக்கும் இடமில்லை. வெட்டிய பாலை வாளிவாளியாகக் கொண்டுவந்து ஷீட்டு ஆக்கும் கொட்டகை. பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தகரத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் கலக்க வேண்டும். கலக்கியதும் மேலே நுரை கட்டும். அந்த நுரையை மெல்லிய பலகையால் வழித்து எடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழி விழும். குமிழி விழுந்த ஷீட்டு தரம் குறைந்த ஷீட்டு. வழித்த பிறகு தட்டின்மேல் பலகை போட்டு, ஈரச்சாக்கால் மூடிவிட வேண்டும். மறுநாள் காலை வரை அதைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, பக்கத்தில் நின்று குதிக்கக்கூடாது. பால் தன் போக்கில் மெதுவாக இறுக வேண்டும். இதுதான் ஸ்டோரின் சட்டம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. கைகளுக்குத் தெரியும்.

1970இல் ஒருநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி குமிழி விழுந்த இருபது ஷீட்டுகளைத் தூக்கிவந்து அவள் முன்னால் போட்டார்.

"என்னா வேலை செய்யிற நீ? கண்ணு எங்க போச்சு?"

"ஸ்டோருக்கு வர்றதுக்கு முந்தியே பால்ல தண்ணி ஊத்தினவனைப் போய்க் கேளுங்க கிராணியாரே. குமிழி என்னா என் வயித்துலேர்ந்தா வருது?"

தண்ணீர் கலந்தது யார் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கிராணியின் மச்சான்தான். கெர்ட்ரூடை ஒரு மாதம் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று, அதே இடத்தில் நின்று, அதே வார்த்தையை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

1974இல் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். ஸ்டோருக்குப் பூட்டு விழுந்தது. செம்பனைக்குப் பால் உறையவைக்கிற ஆள் தேவையில்லை. கெர்ட்ரூட் ஒரு பிரம்புப் பெட்டியோடு ஈப்போவுக்கு பஸ் ஏறினாள். புந்தோங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியேறி, ஒரு மருத்துவக் கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவும் வேலையில் சேர்ந்தாள். ஏழு வருடம் குப்பி கழுவினாள். உடைத்தது மொத்தம் மூன்று. அந்தக் கணக்கைக் கேள்விப்பட்டுத்தான் 1981இல் டாக்டர் காசிவிஸ்வநாதன் அவளைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார்.

டாக்டர் பிரிட்டனில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்த செட்டியார் வீட்டுப் பிள்ளை. மெலிந்த ஆள், முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் எப்போதும் பூட்டிய பொத்தான். லகாட் போகும் சாலையில் ஒரு பழைய ஈயச் சுரங்க முதலாளியின் பங்களாவில் ஓர் அறக்கட்டளை அவருக்குச் சின்ன ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்திருந்தது. அவர், திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க சாலா என்ற இளம்பெண், தட்டு கழுவவும் கலவை அரைக்கவும் கெர்ட்ரூட், முன்னறையில் தட்டச்சு இயந்திரத்தோடு அலுவலகப் பொறுப்பாளர் உடையப்பன். அவ்வளவுதான் கூடம்.

முதல் நாளே அவள் கேட்டுவிட்டாள்.

"இங்க என்னா டாக்டர் செய்யப் போறீங்க?"

"கட்டடத்துக்கு மூங்கில்ல சாரம் கட்டுவாங்கல்ல? ஆள் அதுல ஏறி நின்னு செங்கல் வைப்பான். கட்டடம் நின்னதும் சாரத்தைப் பிரிச்சிடுவாங்க. நாம தோலுக்குச் சாரம் கட்டப் போறோம். தீக்காயம் பட்ட இடத்துல இதை வச்சா, உடம்போட செல்லெல்லாம் இதுக்குள்ள ஏறி உக்காந்து புதுத் தோலைக் கட்டும்."

"சாரத்தை யாரு பிரிப்பா?"

"உடம்பே கரைச்சிடும்."

அவள் இடது கையை நீளும் மட்டும் நீட்டிக் காட்டினாள். "அப்படிச் செஞ்சா இந்த மாதிரி இழுக்காதா?"

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தத் தழும்பை அக்கறையோடு பார்த்தார். "இழுக்காம இருக்கத்தான் இத்தனை பாடு. வெளிநாட்டுல செஞ்சுக்கிட்டு இருக்காங்க. நாம ஏன் செய்யக்கூடாது?"

அந்தக் கடைசிக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே அந்த மனிதரின் பல குணங்களைப் பொறுத்துக்கொண்டாள்.

சாரம் செய்யும் முறை சமையலுக்குப் பக்கத்தில் இருந்தது. வாரம் ஒருமுறை கெர்ட்ரூட் பாசார் சந்தையில் மாட்டிறைச்சிக் கடைக்குப் போய்க் கால் ஜவ்வு வாங்கி வருவாள். சைவரான டாக்டர் பையைத் திறக்கும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜவ்வைச் சுத்தம் செய்து, நறுக்கி, ஆசிட் தண்ணீரில் ஊறவைத்து அரைத்தால் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு கலவை வரும். அது கொலாஜன். ஆசிட் வாசனையும் கலவையின் வெண்மையும் அவளுக்குப் பழைய ஸ்டோர்தான். அந்தக் கலவையைத் தட்டில் ஊற்றி உறையவைப்பார்கள். உறையும்போது உள்ளே தண்ணீர் ஐஸ் துணுக்குகளாகும். பிறகு காற்றை உறிஞ்சும் இயந்திரத்தில் வைத்தால் ஐஸ் அப்படியே ஆவியாகிப் போய்விடும். ஐஸ் இருந்த இடமெல்லாம் ஓட்டை. மிஞ்சுவது ரஸ்க் போல ஒரு வெள்ளைப் பஞ்சு. அந்த ஓட்டைகள்தான் செல்கள் நுழையும் வாசல்கள்.

உறையவைப்பது டாக்டரின் தனிப் பெருமை. ஐஸ்கிரீம் டிப்போவிலிருந்து டிரை ஐஸ் வரவழைத்து, அதை எரிசாராயத்தில் போட்டு, புகை கக்கும் அந்தத் தொட்டியில் தட்டை இறக்குவார். ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் அச்சடித்த ஒரு தாள் உண்டு. அரைத்தேன், ஊற்றினேன், தொட்டியில் உறையவைத்தேன் என்று வரிசையாக டிக் போட்டு, கீழே செய்தவர் கையெழுத்திட வேண்டும்.

மூன்று வருடத்தில் நாற்பது தட்டுகள். நாற்பதும் வீண். எலித்தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை மேலே விட்டால், ஒன்றுகூட உள்ளே போகாது.

"அக்கா, எல்லாம் வாசல்லயே நிக்குதுங்க" என்பாள் சாலா, மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல். "கல்யாண வீட்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போக வெக்கப்படுற மாதிரி."

1984 பிப்ரவரியில், நாற்பத்தொன்றாவது தட்டு தான் வருவதற்குள் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் சிங்கப்பூர் போனார். சாலா தெலுக் இந்தானுக்கு வீட்டுக்குப் போயிருந்தாள். கெர்ட்ரூட் கலவையை அரைத்து முடித்துவிட்டு டிப்போவுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: சீனப் பெருநாள். டிப்போ நான்கு நாளைக்குத் திறக்காது. டாக்டருக்கு அணுவும் அணுவுக்குள் இருப்பதும் நினைவிருக்கும், பெருநாள் நினைவிருக்காது.

கலவை நான்கு நாள் தாங்காது, புளித்துப்போகும். அவள் தட்டில் ஊற்றினாள். மேலே நுரை கட்டியிருந்தது. கை தானாகப் போய் ஓர் அட்டையை எடுத்து நுரையை வழித்தது. சமையலறை மூலையில் இருந்த சாதாரண ஐஸ்பெட்டியில், ஐஸ் கட்டும் மேலறையைத் திறந்தாள். அடியில் ஒரு ரப்பர் மரப் பலகையை வைத்து, அதன்மேல் தட்டை வைத்து, மூடி போட்டு, பாலிதீன் சுற்றி, அதற்குமேல் கொதிக்கவைத்துக் காயவைத்திருந்த ஒரு சாக்கால் நன்றாகப் போர்த்தி மூடினாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. தட்டில் ஊற்றியது இறுக வேண்டுமென்றால் வேறு எப்படி வைப்பார்கள்?

மறுநாள் காலை எடுத்து, இயந்திரத்தில் உலர்த்தி, தாளை எடுத்தாள். பேனா "தொட்டியில் உறையவைத்தேன்" என்ற வரியில் ஒரு கணம் நின்றது. விளக்கம் எழுதினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் சூசா, பெருந்தொல்லை. டிக் போட்டுக் கையெழுத்திட்டாள்.

அது பொய். அவள் வாழ்க்கையில் எழுதிப் போட்ட ஒரே பொய்.

பத்து நாள் கழித்துச் சாலா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினாள். நாற்பத்தொன்றில் செல்கள் நடுப்பகுதி வரை போய்க் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் அரைமணி நேரம் எடுக்கவில்லை. அந்த வாரமே ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினார். அதில் தன் முறையைத் தெளிவாகக் குறிப்பிட்டார்: மிக வேகமாக உறையவைத்தல்.

பிறகு நாற்பத்திரண்டு வீண். நாற்பத்துமூன்று வீண். டாக்டர் ஜவ்வைக் குறை சொன்னார், கடைக்காரரைக் குறை சொன்னார், ஈப்போவின் குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னார். நாற்பத்தாறும் வீணானபோது, ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து அறக்கட்டளையின் மூவர் குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. ஆய்வைத் தொடரலாமா, மூடலாமா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

நாற்பத்தொன்றுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வித்தியாசம் கெர்ட்ரூடுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் பொய் டிக் வெளியே வரும், வேலை போகும். திறக்காவிட்டால் சாரம் சாரமாகவே ஆகாது. இரண்டு ஞாயிறு பூசையில் உட்கார்ந்து யோசித்தாள். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை டாக்டரின் அறைக்கு நேராகப் போனாள்.

"டாக்டர், நாப்பத்தொண்ணு தொட்டியில வச்சதில்ல. டிரை ஐஸ் வரல. சமையல்கட்டு ஐஸ்பெட்டியில, பலகை மேல வச்சு, சாக்குப் போத்தி, ராவெல்லாம் விட்டுட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னது போத்தி?"

"சாக்கு. கோணிச்சாக்கு."

"டிக் போட்டிருக்கியே?"

"போட்டேன். அது பொய்."

"அதுக்காகவே உன்னை இன்னிக்கே போகச் சொல்லலாம், தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். மெதுவா இறுகணும் டாக்டர். நீங்க அஞ்சு நிமிசத்துல கல்லாக்கிடுறீங்க, ஐஸ் வளர நேரமே இல்ல. அதான் ஓட்டை பொடிப்பொடியா வருது. செல்லு எங்கேர்ந்து நுழையும்?"

ஒரு விஞ்ஞானிக்கு அது புரியாமல் இருக்க முடியாது. புரிந்ததால்தான் அவர் முகம் சிவந்தது. சுருக்கம் ஏற்கெனவே மாநாட்டுக்குப் போய்விட்டது. அதில் அவர் பெயர் இருக்கிறது, வேகம் என்ற வார்த்தை நான்கு இடத்தில் இருக்கிறது.

"சாக்கு, பலகைன்னு எந்த ஜர்னல்லம்மா எழுதுவான்? சிரிப்பாங்க."

"சாக்குல வச்சா சாக்குன்னு எழுதுறதுதானே. சிரிச்சா சிரிக்கட்டும்."

"ஒரு தடவை எதேச்சையா வந்தது ஆதாரமில்ல. போய் டிரை ஐஸுக்குச் சொல்லு. இதைச் சொல்லி வேற யாரையும் கச்சாவ் பண்ணிக் குழப்பாத."

நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் தொட்டியில் உறைந்தன. இரண்டும் வீண்.

நாற்பத்தொன்பதைப் பட்டப்பகலில், டாக்டர் பக்கத்து அறையில் இருக்கும்போதே, கெர்ட்ரூட் சாக்கில் சுற்றினாள். இந்த முறை தாளில் டிக் போடவில்லை. அச்சடித்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே தமிழில் "ஐஸ்பெட்டி, பலகை, சாக்கு" என்று எழுதினாள். டாக்டர் காப்பிக்குப் பால் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறக்க வந்தார். அவள் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"உள்ள என்ன?"

"நாப்பத்தொம்போது."

"எடுத்து வெளியில போடு."

"நாளைக்குக் காலையில எடுக்கிறேன். இப்பத் தொட்டா கெட்டுடும்."

"இது யாரு கூடம் கெர்ட்ரூட்?"

"உங்க கூடம்தான். பாலில்லாம ஒரு நாளு காப்பி குடிங்க."

சாலா மைக்ரோஸ்கோப்பின் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டாக்டர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கிற மனிதரில்லை அவர். முன்னறைக்குப் போய் உடையப்பனிடம் புகார் எழுதிக் கொடுக்கிற மனிதர்.

உலர்ந்த நாற்பத்தொன்பதிலிருந்து ஒரு சீவலை வெட்டிச் சாலா கண்ணாடியில் வைத்தாள். கெர்ட்ரூடைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாற்பத்தெட்டு, மாவுச் சல்லடை. நாற்பத்தொன்பது, தேன்கூடு.

"செல்லு விடவா அக்கா? டாக்டர் விடச் சொல்லல."

"விட வேணாம்னும் சொல்லல இல்ல?"

சாலா விட்டாள்.

அடுத்த புதன்கிழமை விசாரணை. உடையப்பன் முன்னறையில் மூன்று நாற்காலி போட்டு, மேசையில் இருந்த பிஸ்கட் டின்னைக்கூட மறைத்துவைத்திருந்தார். அவர் ஒரு தோட்டத்துக் கிராணியின் மகன். விதிப் புத்தகத்தை மற்றவர்கள் ஜெபப் புத்தகம் வைத்திருப்பதுபோல வைத்திருப்பார்.

"ஏம்மா, உனக்கு இது தேவையா? நான் சின்னதா ஒரு எச்சரிக்கை அடிச்சிருக்கேன். 'மேலதிகாரியின் உத்தரவை மீறி நடந்துகொண்டார்.' அவ்ளோதான். கையெழுத்துப் போட்டுட்டுப் போலாம் லா."

"எந்த உத்தரவு அண்ணே?"

"அதான்... டாக்டர் சொன்னது."

"என்னா சொன்னாரு? நான் எப்படி மீறினேன்?"

உடையப்பன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"சின்னதா இருந்தா உனக்குத்தான் நல்லது" என்றார் உடையப்பன் தாழ்ந்த குரலில்.

"எனக்கு நல்லது வேணாம். நான் செஞ்ச தப்பை முழுசா எழுதுங்க. இல்லன்னா கையெழுத்து இல்ல."

"அது தேவையில்லை" என்றார் டாக்டர்.

உடையப்பன் தயங்கினார். பிறகு, தன்னையும் மீறி, விதிப் புத்தகத்தைத் திறந்தார். "டாக்டர், வந்து... பன்னெண்டாவது விதியில இருக்கு. குற்றத்தை நாள், இடம், செயல் எல்லாம் போட்டு விவரமா எழுதணும். நானும் அவசரத்துல விட்டுட்டேன்."

தட்டச்சு இயந்திரத்தில் புதிய தாள் ஏறியது. கெர்ட்ரூட் சொல்லச் சொல்ல உடையப்பன் ஆங்கிலத்தில் அடித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் திருப்பிச் சொன்னார். சொல்லாவிட்டால் அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை.

"முக்கால் அங்குலப் பலகை. போட்டீங்களா?"

"பலகை எத்தனை அங்குலம்னு எதுக்கும்மா?"

"நான் மீறினது முக்கால் அங்குலப் பலகையால. ஒரு அங்குலமா இருந்தா அது வேற தப்பு."

"சரி. முக்கால்."

"நுரையை வழிச்சேன், அதையும் போடுங்க. உத்தரவுல அது கெடையாது. சாக்கு ரெண்டு மடிப்பு. ஐஸ்பெட்டி மேலறை முள்ளு மைனஸ் இருவதுல. பதினேழு மணி நேரம்."

உடையப்பனின் விரல்கள் ஓடின. அவருக்கே இப்போது ஆர்வம் பிடித்துக்கொண்டது. "மூடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. பாலிதீனும் இருந்துச்சு. இது நாப்பத்தொம்போது. இப்ப நாப்பத்தொண்ணு."

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நாற்பத்தொன்றைச் சேர்க்க வேண்டாம்."

"அதுதான் டாக்டர் பெரிய தப்பு. இது நான் சொல்லிட்டுச் செஞ்சது. அது சொல்லாமச் செஞ்சு, பொய் டிக் போட்டது. பெரிசை விட்டுட்டுச் சின்னதுக்கு எப்படித் தண்டனை?"

"அதை எழுதினா என்ன ஆகும்னு தெரிஞ்சுதானே பேசுற?"

"உங்க சுருக்கம் தப்புன்னு ஆகும். என் வேலையும் போகலாம். போகட்டும். கை மடங்கினவங்க எத்தனையோ பேரு இதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க டாக்டர். அவங்களுக்குத் தப்பான வழியைச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு என் கையெழுத்தை வச்சிக்காதீங்க."

"வேலையை விட்டு நிறுத்தினா?"

அவள் உடையப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நிறுத்தினா நிறுத்துற கடிதத்துலயும் காரணம் எழுதணும்ல?"

உடையப்பன் விதிப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "இன்னும் விவரமா எழுதணும்மா. ரெண்டு பிரதி."

கதவைத் திறந்து சாலா எட்டிப் பார்த்தாள். விசாரணை நடக்கிறது, வரக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் வந்துவிட்டாள். "டாக்டர், நாற்பத்தொன்பதுல ஏழு நாளாச்சு. நடுவரைக்கும் போயிடுச்சு. வந்து பாக்குறீங்களா?"

டாக்டர் எழுந்து போனார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, உட்காராமல், "நாற்பத்தொன்றையும் அடிங்க உடையப்பன்" என்று மட்டும் சொன்னார்.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. இறுதியில், இதே குற்றம் மீண்டும் நடந்தால் வேலைநீக்கம் என்ற வாசகம். கெர்ட்ரூட் கையெழுத்திட்டாள். பேனாவை மூடிவிட்டு, "ஐம்பதாவது தட்டுக்குக் கலவை ரெடியா இருக்கு. சாக்குலதான் வைக்கப் போறேன். அடுத்த கடிதத்தையும் அடிச்சு வச்சிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுத்த கடிதத்தை யாரும் அடிக்கவில்லை.

மூவர் குழு ஏப்ரல் கடைசியில் வந்தது. அவர்களில் ஒருவர் வேதியியல் படித்த சீன அம்மையார், வெட்டிவிட்ட நரைமுடி, கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாற்பத்தொன்று தேறியிருக்கிறது. பிறகு ஏழு வீண். நாற்பத்தொன்பதும் ஐம்பதும் தேறியிருக்கின்றன. இடையில் மாறியது என்ன?

டாக்டர் காசிவிஸ்வநாதன் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார். தாளில் அவர் கையெழுத்தில் எந்த விடையும் இல்லை. அந்த ஆய்வு முழுவதையும் ஒழுங்காக எழுதிவைத்த ஒரே காகிதம் இரும்பலமாரியில், ஒரு பணியாளரின் சொந்தக் கோப்பில் இருந்தது. அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் அதற்கு நேரமும் இருந்தது. "உடையப்பன், கெர்ட்ரூடோட ஃபைலைக் கொண்டாங்க. அவங்களையும் வரச் சொல்லுங்க" என்றார். மூன்று வருடத்தில் அவளை அவர் 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஈரக் கையோடு வந்தாள். அம்மையார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மலாயில் நேராக அவளிடம் கேட்டார். பலகை என்ன மரம்? சாக்கு ஒரு மடிப்பானால் என்ன ஆகும்? இரும்புத் தட்டில் செய்தால்? கெர்ட்ரூட் தனக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். ஒரு மடிப்பைச் செய்து பார்க்கவில்லை, அனுமதி கொடுத்தால் நாளைக்கே செய்கிறேன் என்றாள். அம்மையார் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டே போனார். யாரும் சிரிக்கவில்லை.

ஆய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைத்தது. மாநாட்டிலிருந்து டாக்டர் தன் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அவருக்கு லேசாக இருந்திருக்காது. மறுவாரம் உடையப்பன் சிரித்துக்கொண்டே கழுவும் அறைக்கு வந்தார்.

"நல்ல சேதி. உன் எச்சரிக்கையை ரத்து பண்ணச் சொல்லிட்டாரு டாக்டர். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ரத்து பண்ணா அந்தக் கடிதம் என்னா ஆகும்?"

"கிழிச்சுப் போட்டுடுவோம். உன் ஃபைல் சுத்தமாயிடும்."

"வேணாம்."

"என்னா வேணாம்?"

"ரத்து வேணாம். அது அங்கயே இருக்கட்டும்."

உடையப்பன் கதவுநிலையில் சாய்ந்துகொண்டார். "அம்மா, எச்சரிக்கைக் கடிதம்னா சம்பள உயர்வு ஒரு வருசம் தள்ளிப்போகும். விதியில இருக்கு. உலகத்துலயே இதைக் கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்கிற ஆளு நீ ஒருத்திதான் லா."

"தள்ளிப்போகட்டும். சாரத்தை எப்படிச் செஞ்சோம்னு வேற எங்கண்ணே எழுதியிருக்கு?"

"டாக்டர் கட்டுரை எழுதுறாரே. அதுல வரும்."

"வரட்டும். சாலா படிச்சுக் காட்டட்டும். பலகை எத்தனை அங்குலம், சாக்கு எத்தனை மடிப்பு, யாரு வச்சதுன்னு அதுல இருந்தா, நானே வந்து கிழிக்கிறேன்."

கட்டுரை 1986இல் வந்தது. சாலா அதைக் கழுவும் அறைக்கே கொண்டுவந்து, தொட்டியோரம் உட்கார்ந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். மெதுவான, கட்டுப்படுத்தப்பட்ட குளிர்விப்பு என்று இருந்தது. வெப்பம் கடத்தாத அடித்தளம் என்று இருந்தது. முறை சரி, அதைப் படிக்கிற எவரும் செய்துவிடலாம் என்று கெர்ட்ரூட் ஒப்புக்கொண்டாள். அந்தத் திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது.

"சாக்கு?"

"இல்லக்கா."

"யாரு வச்சது?"

சாலா கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். கெர்ட்ரூடின் பெயர் எங்கும் இல்லை.

கெர்ட்ரூட் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். உடையப்பன் அலமாரிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"கிழிச்சிடலாமா?"

"பூட்டுங்கண்ணே" என்றாள்.